ஆட்டுக் குடும்பத்தின் ஜெபம்

என் சிரிப்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை ஏமாற்றுக்காரி என்று சொல்லக்கூடாது. எனக்குச் சிரிப்பு வந்தால் முதலில் மூச்சு உள்ளே போகும். அது போகிற சத்தமே ஒரு விசில். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. தெரியாதவர்கள் சரி, முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம்தான் நிஜமான சிரிப்பு வரும், பித்தளைக் குடத்தை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி. அப்போது நான் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். தலைமை ஆசிரியை என் வகுப்பை மட்டும் வராந்தாவின் கடைசிக்கு, கிணற்றுப் பக்கமாக மாற்றிவைத்திருந்தார். அங்கே காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்றார். காரணம் காற்று இல்லை என்பது எனக்கும் தெரியும், மூன்றாம் வகுப்புக்கும் தெரியும்.

வீட்டில் இந்தச் சிரிப்புக்கு ஒரு பூர்வீகம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அப்பா துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் ஹெட் கிளார்க். கோயிலில் சேகரக் கமிட்டி மெம்பர், அதாவது சபைக் காரியங்களை நடத்துகிற பெரியவர்களில் ஒருவர். எங்கள் பக்கத்துப் புராட்டஸ்டண்டுகளுக்கு சர்ச் என்பது கோயில்தான், அந்தப் பேச்சு இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. அப்பா சிரித்து நான் பார்த்ததே கிடையாது. மீசைக்குக் கீழே கொஞ்சம் அசைவு தெரிந்தால் அன்றைக்கு அவருக்கு ரொம்ப சந்தோஷம் என்று அர்த்தம். நான் சிரிக்கிற போதெல்லாம் அவர் பேப்பரைக் கீழே இறக்கி, அம்மாவைப் பார்த்து, "நாசரேத்துச் சரக்கு" என்பார். அம்மா பிறந்த ஊர் நாசரேத். அங்கே அம்மா வீட்டில் யாரும் இப்படிச் சிரித்ததாக ஒரு சாட்சியும் இல்லை. ஆனாலும் நான் தொட்டிலில் முதல் சிரிப்புச் சிரித்த நாளிலிருந்து அம்மாதான் அந்தப் பழியைச் சுமந்துகொண்டிருந்தாள்.

கல்யாணப் பேச்சு வந்தபோது சிரிப்பு எங்கள் வீட்டுக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது. முதலில் வந்த இடம் நல்ல இடம். மாப்பிள்ளையின் மாமா காப்பியில் மக்ரூனை முக்கினார். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்த்துச் செய்கிற அந்த மக்ரூன் எங்கள் ஊர்ப் பெருமை. வாயில் வைத்தாலே கரையக்கூடியது, காப்பியில் போட்டால் என்ன ஆகும்? அவர் தேடினார். விரலை விட்டுத் தேடினார். பிறகு எதிரே இருந்தவரின் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். விசில் கேட்டது, குடம் உருண்டது, மாமாவின் மடியில் காப்பி கொட்டியது. இரண்டு நாள் கழித்து ஆள் வந்து, "பொண்ணுக்கு அந்த நோவு எத்தன வருசமா இருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போனான். அடுத்ததாகப் பேசிய இடம், இதைக் கேள்விப்பட்டு, வரவே இல்லை.

மூன்றாவதுதான் சாத்தான்குளத்துச் சம்பந்தம். எனக்கு இது வேண்டும் என்று இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே வேண்டும் என்று இருந்தது. மாப்பிள்ளைக்கு உப்பு இலாகாவில் வேலை, அதுவும் தூத்துக்குடியிலேயே. அவருடைய அம்மா, "பொண்ணு பள்ளிக்கூடத்துக்குப் போய்ட்டே இருக்கட்டும், படிச்ச படிப்ப அடுப்புல போடவா?" என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். முந்தின இரண்டு இடத்திலும் வேலையை விட வேண்டும் என்பதுதான் முதல் பேச்சு. என் மூன்றாம் வகுப்பை விட்டுவிட்டு ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்து வற்றல் காயப்போட எனக்கு இஷ்டமில்லை. இன்னொன்றும் உண்டு. கிறிஸ்துமஸ் ஆராதனையில் அந்த மனிதரை ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மிகுந்த பக்தியோடு பாடிக்கொண்டிருந்தார். அன்று நான் இருமுகிற மாதிரி நடித்து வெளியே ஓடி வந்தது அம்மாவுக்குத் தெரியாது.

பொதுவாக எங்கள் ஆட்கள் பெண்ணைக் கோயிலில் வைத்துத்தான் பார்ப்பார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது தற்செயலாகச் சந்தித்தது போல இரண்டு குடும்பமும் மரத்தடியில் நின்று பேசும். அத்தை அது வேண்டாம் என்றாள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள், இரண்டு தெரு தள்ளி இருந்தாள். எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் அவள் வாயைத் தொடாமல் நடக்காது.

"கோயில்ல வெளிச்சம். இவ மூஞ்சி கோணுனா எல்லாருக்கும் தெரியும். இருட்டுல கொண்டுபோயி உக்கார வைக்கணும். பக்கத்துல பக்கத்துல உக்காந்தாப் போதும், பேச வேண்டாம். பொண்ணு அடக்கமா இருக்கான்னு அந்த அம்மா பாத்துக்கிடுவா."

"இருட்டுக்கு எங்கன போறது?" என்றாள் அம்மா.

"கொட்டகைக்கு" என்றாள் அத்தை.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டாள். சினிமா எங்களுக்கு விலக்கப்பட்ட கனி. அப்பாவைப் பொறுத்தவரை நடிப்பது பாவம், நடிப்பதைப் பார்ப்பது அதைவிடப் பெரிய பாவம். காரணம், நடிப்பவனுக்காவது அது தொழில். ஆனால் அத்தை எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள். கொட்டகைக்கு வர வேண்டிய தமிழ்ப் படத்தின் பெட்டி ரயிலில் எங்கோ நின்றுவிட்டதாம். அதற்குப் பதில் ஒரு இங்கிலீஷ் பொம்மைப் படம் வந்திருக்கிறதாம். முழுக்க முழுக்கக் கையால் வரைந்தது, அதுவும் கலரில். ஓர் ஆட்டுக் குடும்பத்தைப் பற்றிய கதை.

"தம்பி, அதுல ஒரு மனுசப் பெறப்பு கெடையாது. வெறும் ஆடு. அதுவும் வரைஞ்ச ஆடு. யாரு நடிக்கா? ஒருத்தரும் நடிக்கல. ஞாயித்துப் பள்ளிக்கூடத்துல படம் காட்டுதோம்லா, அத மாதிரி."

அத்தைக்கு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை தலைக்கேறியிருந்தது என்பதும், என் கல்யாணம் அவளுக்கு நல்ல சாக்காகக் கிடைத்தது என்பதும் எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. படம் சிரிப்புப் படம் என்பதை அவள் சொல்லவே இல்லை. ஆடு என்றவுடன் அப்பா, பைபிளில் வருகிற காணாமல் போன ஆடு, மேய்ப்பன், மந்தை என்று போய்விட்டார். நல்ல படிப்பினையாக இருக்கும் என்று அவரே சொன்னார்.

அம்மாதான் கெடுத்தாள். "அப்ப அதுல பேசுதது யாரு?"

அப்பா இதை யோசிக்கவில்லை. ஆட்டுக்காக எவனோ ஒருத்தன் மறைவில் நின்று பேசியிருந்தால் அது நடிப்புத்தானே? சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோனார். மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டே வந்து தீர்ப்புச் சொன்னார். வேதத்திலேயே ஒரு கழுதை பேசியிருக்கிறது. கழுதை பேசலாம் என்றால் ஆடும் பேசலாம். அத்தை இந்த வாதத்தை அப்படியே கொண்டுபோய் மாப்பிள்ளையின் அம்மாவிடம் ஒப்பித்தாள். அந்த அம்மாளும் வாழ்க்கையில் கொட்டகைப் பக்கம் போனதில்லை. கழுதையைக் கேட்டதும் சம்மதித்துவிட்டார்களாம்.

சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்குப் போவது என்று முடிவாயிற்று. எனக்கு வந்த புத்திமதிகளைச் சொல்லி மாளாது. "சிரிப்பு வந்தா ஒரு துக்கத்த நெனச்சுக்கோ" என்றாள் அத்தை. "என்ன துக்கம்?" என்றேன். "உனக்குன்னு ஒரு துக்கம் இல்லியாளா?" என்று கோபித்தாள். உலக யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம் அது. யோசித்துப் பார்த்து ரேஷன் அரிசி என்று தேர்ந்தெடுத்துக்கொண்டேன். புழு, கல், அந்த நாற்றம். போதுமான துக்கமாகத்தான் தெரிந்தது. அம்மா ஒரு பெரிய கைக்குட்டையை மடித்துக் கொடுத்தாள். குதிரை வண்டியில் போகும்போது அதை இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே போனேன். இந்த இடமும் தட்டிப்போனால் நாலாவதாக ஓர் இடம் வராது என்பது எல்லாருக்கும் தெரியும்.

கொட்டகைக்குள் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். அந்தப் பக்கம் அப்பா. அவருக்குப் பக்கத்தில் தற்செயலாக வந்து உட்கார்ந்தவர் போல மாப்பிள்ளை. இந்தப் பக்கம் பெஞ்சில் அத்தை, அம்மா, நான், எனக்கு அடுத்து தற்செயலாக மாப்பிள்ளையின் அம்மா. வெள்ளைச் சேலை, வெள்ளிக் கம்பிக் கண்ணாடி. கையில் ஒரு குடை. உட்கார்ந்த பிறகும் குடையைத் தரையில் ஊன்றி, இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, பிரசங்கம் கேட்கிற மாதிரி நிமிர்ந்திருந்தார்கள். என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்லாருக்கியாம்மா?" என்றார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறக்கப் பயம்.

விளக்கு அணைந்தது. படம் வந்தது. மஞ்சள் கோடு போட்ட கால்சட்டை மாட்டிக்கொண்டு, மேல்சட்டை இல்லாமல், ஓர் அப்பா ஆடு வீட்டிலிருந்து வெளியே வந்தது. அடடா, அந்த நிறம்! எங்கள் பக்கத்தில் யாரும் கலரில் படம் பார்த்திருக்கவில்லை. கொட்டகை முழுக்க 'ஆ' என்று ஒரு சத்தம். பின்னாடியே வெள்ளைத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மா ஆடு, வரிசையாகக் குட்டிகள். அப்பா ஆட்டின் மூக்குக்கண்ணாடி நழுவி நழுவி விழுந்தது. அது மூக்கைத் தூக்கிக் கண்ணாடியை ஏற்றியபடி பேப்பர் படித்தது. படித்து முடித்த பக்கத்தைக் கிழித்துத் தின்றது.

"அப்படியே தம்பிதான்" என்றாள் அத்தை சத்தமாக.

ரேஷன் அரிசி, ரேஷன் அரிசி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஆட்டு வீட்டுக்கு ஒரு மாமா ஆடு வந்து சேர்ந்தது. கையில் பெட்டி. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவதாக வந்தது போலத் தெரிந்தது, ஆனால் வந்தவுடனே தன் தொப்பியை மாட்ட வேண்டிய ஆணியைத் தின்றுவிட்டது. பிறகு ஜன்னல் திரை. பிறகு குட்டிகளின் பள்ளிக்கூடப் புத்தகம். அப்பா ஆடு அதைத் துரத்துவதற்கு ஒவ்வொரு உபாயமாகச் செய்து, ஒவ்வொன்றிலும் தானே மாட்டிக்கொண்டது. பேசுவதெல்லாம் இங்கிலீஷ். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா எங்களுக்காக அர்த்தம் சொன்னார். அவருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், ஆனால் அது துறைமுக இங்கிலீஷ். மூட்டை குறைகிறது, சரக்கு நனைந்துவிட்டது, இதற்கு யார் ஜவாப்தாரி என்பது போன்ற இங்கிலீஷ். ஆடுகள் அப்படிப் பேசவில்லை. "மாமா வந்ததற்கு நன்றி சொல்லுது" என்று அப்பா சொன்னபோது அப்பா ஆடு மாமா ஆட்டின் தலையில் பூந்தொட்டியைப் போட்டது.

நான் ரேஷன் அரிசியைத் தீர்த்துவிட்டு மண்ணெண்ணெய் வரிசைக்கு வந்திருந்தேன். அதுவும் தீர்ந்து தலைமை ஆசிரியையின் முகத்தை நினைத்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தோள் குலுங்கியது. கைக்குட்டை பாதிக்கு மேல் வாய்க்குள் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா குனிந்து அத்தையிடம், "புள்ள ஏன் அழுதா?" என்று கேட்டார்கள்.

"இளகின மனசு" என்றாள் அத்தை. "ஆடுன்னா அவளுக்கு உசுரு."

"பாவம்" என்று அந்த அம்மாள் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். தடவத் தடவ விசில் தொண்டை வரைக்கும் வந்து வந்து போயிற்று. அன்று நான் பட்ட பாட்டைப் பிள்ளை பெற்றபோதுகூடப் படவில்லை.

அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது. ஆட்டுக் குடும்பம் ராச்சாப்பாட்டுக்கு மேசையைச் சுற்றி உட்கார்ந்தது. நடுவில் ஆவி பறக்கிற ஒரு பெரிய வட்டப் பலகாரம். அப்பா ஆடு கண்ணாடியைக் கழற்றி வைத்தது. முன்னங்கால் இரண்டையும் சேர்த்தது. தலையைக் குனிந்து கண்ணை மூடியது. அம்மா ஆடும் குட்டிகளும் மாமா ஆடும் அதேபோல் குனிந்தன.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு ஜெபம் என்றால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். கண்ணை மூட வேண்டும். அப்பா 'ஆமென்' சொல்கிற வரை திறக்கக்கூடாது. பிறந்ததிலிருந்து பழகியது. அந்தப் பழக்கம் யோசிக்க விடாது, கால் தானாக எழுந்துவிடும். திரையில் ஆடு தலையைக் குனிந்த மாத்திரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா எழுந்து நின்றார். இந்தப் பக்கம் அம்மா எழுந்தாள், அத்தை எழுந்தாள். மாப்பிள்ளையின் அம்மா குடையோடு எழுந்தார்கள். அங்கே மாப்பிள்ளையும் எழுந்தார். நானும் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை.

அந்த ஆடு சும்மா ஒரு வரியில் முடித்திருக்கும். ஆனால் அப்பா ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். தொடங்கினால் அதை நடுவில் நிறுத்துவது என்ற பேச்சே அவரிடம் கிடையாது. அதுவும் சேகரக் கமிட்டிக் குரலில். "எங்கள் பரம பிதாவே, இந்த ஆகாரத்துக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம்" என்றது கொட்டகையின் கடைசி வரைக்கும் கேட்டிருக்கும். ஆகாரம் முடிந்து நாட்டுக்குப் போனார். இங்கிலாந்து ராஜாவுக்குப் போனார். கடலில் பிரயாணம் பண்ணுகிறவர்களுக்கும், காய்ச்சலில் கிடப்பவர்களுக்கும், கோயில் கூரை ஓடு மாற்றுகிற கட்டடக் கமிட்டிக்கும் போனார். மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொன்றுக்கும் "ஆம் ஆண்டவரே" என்றார்கள்.

"ஏலே, யாருலே அது? மறைக்குதுலே!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"உக்காருங்க அண்ணாச்சி!"

எங்களுக்குப் பின் பெஞ்சில் கடற்கரைத் தெருக் கத்தோலிக்கப் பெண்கள் இருந்தார்கள். "ஏளா, செபம் சொல்லுதாக" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஆண்கள் பக்கத்தில் சிலர் ராஜாவின் பேர் காதில் விழுந்ததும் படம் முடிந்து ராஜாவை வாழ்த்துகிற சர்க்கார் பாட்டுப் போடப் போகிறார்கள் என்று நினைத்து எழுந்துவிட்டார்கள். காக்கிக் கால்சட்டைக்காரர் ஒருவர் விறைப்பாக சல்யூட் அடித்தபடி நின்றார். திரையில் ஆடுகள் ஒருபக்கம், கீழே நாங்கள் ஒருபக்கம். கொட்டகைக்காரர்கள் பாவம், எதை நிறுத்துவது என்று தெரியாமல் நின்றார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கண்ணை மூடவில்லை. மூடத்தான் நினைத்தேன். ஆனால் மேசைக்கு அடியில் கடைக்குட்டி ஆடு ஒரு சிவப்பு நாடாவோடு போவதைப் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் எவளால் கண்ணை மூட முடியும்? அந்தக் குட்டி அப்பா ஆட்டின் தாடியை மாமா ஆட்டின் தாடியோடு முடிச்சுப் போட்டது. மாமாவின் தாடியை அம்மா ஆட்டின் தாடியோடு. அப்படியே மேசையைச் சுற்றி எல்லாரையும் ஒரே கட்டாகக் கட்டியது. ஆடுகள் பக்தியோடு குனிந்தே இருந்தன. கொட்டகையே சிரித்து உருண்டது. எங்கள் இரண்டு குடும்பம் மட்டும் இருட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு கட்டடக் கமிட்டிக்காக நின்றுகொண்டிருந்தது.

எனக்கு மூச்சு முட்டியது. இனி முடியாது, இதோ வருகிறது என்று தெரிந்தது. திரையைப் பார்க்காமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பினேன். அங்கே மாப்பிள்ளை கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. திரையைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். திடுக்கிட்டுப்போய், அப்பா நின்ற பக்கத்துக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு அவர்மேல் வந்த பிரியத்தை இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது? வந்தது. அதோடு, இவரை இழந்துவிடுவேனோ என்ற பயமும் சேர்ந்து வந்தது. பயம் ரேஷன் அரிசியைவிட நன்றாக வேலை செய்தது. சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஒருவழியாக அப்பா "ஆமென்" என்றார். எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். உட்காரப் போனார்கள். அப்பா மட்டும் உட்காராமல் திரையைப் பார்த்தார். அங்கே ஆட்டுக் குடும்பம் முழுவதும் தாடியோடு தாடி கட்டுண்டு, மேசை விரிப்பையும் இழுத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் ஒரே வாசலில் நுழையப் பார்த்துச் சிக்கிக்கொண்டிருந்தது. நடுவில் மாமா ஆடு அந்த அவசரத்திலும் விரிப்பைத் தின்றுகொண்டிருந்தது.

ஒரு விசில் கேட்டது. நான் மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தை நான் அறிவேன். உலகத்தில் அதை உள்ளேயிருந்து அறிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் குடம் உருண்டது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்குக்கண்ணாடி காதிலிருந்து தொங்க, உருண்டு உருண்டு சிரித்தார். ஜெபத்துக்கு நடுவே சத்தம் போட்ட அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். படத்தில் சிரிப்பு வந்த இடங்களில் எல்லாம் அவர் சிரித்தார். சிரிப்பு வராத இடங்களிலும் சிரித்தார். வருஷக்கணக்கில் தேங்கிக் கிடந்தது ஒரு மத்தியானத்தில் வெளியே வந்தால் அப்படித்தான் இருக்கும் போல.

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். இருட்டிலும் அவள் முகம் தெரிந்தது. "நாசரேத்துச் சரக்கு" என்றாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பி அத்தையைக் கேட்டாள். "மைனி, உங்களுக்கு இது முன்னமே தெரியுமா?"

"சின்னதுலேயே அவன் இப்படித்தான்" என்றாள் அத்தை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போர்டிங் ஸ்கூல்ல வாத்தியாரு அடிச்சு நிப்பாட்டிட்டாரு."

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே."

அம்மா அதற்குப் பிறகு படம் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, ஆச்சரியமா, எனக்குத் தெரியவில்லை. எனக்கோ சிரிப்பே மறந்துபோயிற்று. நான் அன்று அடக்கமாக இருந்ததற்கு அடக்கம் காரணமில்லை, அதிர்ச்சிதான் காரணம்.

படம் முடிந்து வெளியே வந்தோம். கடற்காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. சோடாக் கடைப் பக்கம் ஒதுங்கினோம். மாப்பிள்ளையின் அம்மா குடையை விரித்தார்கள். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழையபடி சேகரக் கமிட்டியாக முயற்சி செய்துகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஜெபம் நல்லாருந்துச்சு" என்றார்கள் அந்த அம்மாள். "கொட்டகையானாலும் விடாமப் பண்ணினீங்க. எனக்குச் சந்தோசம். பொண்ணும் நல்ல அடக்கம். ஆட்டுக்காக அழுத பொண்ண நான் இப்பத்தான் பாக்கேன்." குடையை மறு தோளுக்கு மாற்றினார்கள். "ஆனா ஒண்ணு கேக்கணும். அந்தச் சிரிப்பு உங்களுக்கு மட்டுந்தானா, இல்ல குடும்பத்துல வாரதா?"

அத்தை முந்திக்கொண்டு, "அவனுக்கு மட்டுந்தான்" என்றாள்.

அப்பா பொய் சொல்லமாட்டார். ஆபீஸில் ஒரு மூட்டைக் கணக்கில்கூட அவர் பொய் எழுதியதில்லை. அத்தையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். சொல்லாதீர்கள் அப்பா என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"பொண்ணுக்கும் உண்டு" என்றார். "என்னோடதவிடப் பெரிசு. அவ அம்மா வீட்டுலேர்ந்து வந்ததுன்னு இத்தன நாளும் சொல்லிட்டு இருந்தேன். தப்பு. அது என் சிரிப்பு."

முடிந்தது என்று நினைத்தேன். அழுகை வந்தது, இந்தத் தடவை நிஜ அழுகை. பள்ளிக்கூடம், தலைகீழ்ப் பாட்டுப் புத்தகம், ஒற்றைக் கண், எல்லாம் போயிற்று. அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"எங்க, சிரிக்கச் சொல்லுங்க."

"ஏளா, சிரி" என்றார் அப்பா.

சொன்னவுடன் வருமா? நான் கைக்குட்டையைப் பிசைந்துகொண்டு நின்றேன். சோடாக்காரர் பாட்டிலை உடைக்காமல் காத்துக்கொண்டிருந்தார். அப்போது மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். அதுவரை அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

"அம்மா, நானும் ஒண்ணு சொல்லிருதேன். ஜெபத்துல நான் கண்ண மூடல."

"என்னலே?"

"மூடத்தான் பாத்தேன். முடியல. நீங்க எல்லாரும் ஜெபத்துல நிக்கும்போது அந்தக் கடைக்குட்டி என்ன பண்ணுச்சு தெரியுமா? முதல்ல பலகாரத்தத் தூக்கிட்டு, அப்புறம் எல்லாத் தாடியையும்..."

"இல்ல" என்றேன் நான். "முதல்ல தாடியத்தான் கட்டுச்சு. கட்டி முடிச்சப்புறந்தான் பலகாரத்த எடுத்துச்சு. முன்னமே எடுத்திருந்தா மாமா ஆட்டுக்கு மோப்பம் தெரிஞ்சிருக்குமே."

டீச்சர் புத்தி. தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க முடியாது. சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே புரிந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவின் மீசை துடித்தது. "நீயும் மூடலியா?" என்றாள் அம்மா. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். வாயை இறுக்கிக்கொண்டு, மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார்.

எனக்கு விசில் போயிற்று. அந்த அம்மாள் "என்ன சத்தம்?" என்று குடையைத் தூக்கி மேலே பார்த்தார்கள். பிறகு ஒன்றுமில்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் வந்தது, அத்தனை நேரம் அடக்கி வைத்ததெல்லாம் வட்டியோடு வந்தது. வண்டிக் குதிரை முன்னங்காலைத் தூக்கியது. சோடாக்காரர் கையிலிருந்த பாட்டில் தானே உடைந்ததா, அவர் உடைத்தாரா தெரியாது, நுரை பொங்கி அவர் வேட்டியில் வழிந்தது. அதைப் பார்த்து அப்பாவும் தொடங்கினார். தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா குடையை மடக்கினார்கள். மகனைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒரு சொட்டுச் சிரிப்பு அந்த முகத்தில் கிடையாது.

"அண்ணாச்சி" என்றார்கள் அப்பாவிடம். "ஜெபத்துல கண்ணு மூடாத இதுக ரெண்டையும் ஒண்ணாப் போட்டுருவோம். தனித்தனியா விட்டா ரெண்டு வீடுல்லா கெட்டுப்போகும்."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏளா, உனக்குச் சம்மதமா?" என்று என்னைக் கேட்டார். முந்தின இரண்டு தடவையும் அவர் அதைக் கேட்கவில்லை. நான் பதில் சொல்லத்தான் பார்த்தேன். வாயைத் திறந்தால் குடம்தான் உருண்டது. திறந்தேன், உருண்டது. மறுபடி திறந்தேன், மறுபடி உருண்டது. கடைசியில் அப்பாவே அந்த அம்மாள் பக்கம் திரும்பி, எனக்காகச் சொன்னார்.

"அவளுக்குச் சம்மதம். எனக்கு அந்தப் பாஷை தெரியும்."